ஆற்றங்கரைப் பசுமைவழிகளில் ஒரு வார சைக்கிள் பயணம்: எந்தப் பாதை, எந்தத் திசை?

கரையோரக் காகம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் அடுத்த கோடையில் ஒரு வாரம் சைக்கிளில் சுற்றலாம் என்றிருக்கிறோம். எனக்கு மூட்டை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் ஓட்டிய பழக்கம் உண்டு. அவர் பூங்காவுக்குள் ஓட்டியதோடு சரி. லாரிகளுக்கு நடுவே ஓட்டவே மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் ஆற்றங்கரைப் பூங்காக்கள், கைவிடப்பட்ட ரயில்பாதைகள், கால்வாய்க் கரைகள் வழியாகப் போகும் தடங்களை, அதாவது பசுமைவழிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று இடங்கள் மனதில் இருக்கின்றன. ஒன்று, டான்யூப் நதிக்கரையில் ஜெர்மனியின் பாசாவ் முதல் ஆஸ்திரியாவின் வியன்னா வரை, 300 கி.மீ.க்குச் சற்று மேல். இரண்டாவது, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் முதல் வாஷிங்டன் வரை. கிரேட் அலெகெனி பாசேஜ் என்ற பழைய ரயில் தடமும் சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ) கால்வாய்க் கரையும் சேர்ந்து ஏறக்குறைய 540 கி.மீ. மூன்றாவது, கொரியாவில் இஞ்சியோன் முதல் பூசான் வரை 633 கி.மீ.

என் கேள்விகள்: ஆற்றோட்டம் போகும் திசையிலேயே போனால் பெரும்பாலும் இறக்கமாகத்தானே இருக்கும்? புதியவர் ஒருவரோடு ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. வைத்துக்கொள்ளலாம்? டயர் எவ்வளவு அகலம் தேவை?

பழைய செயின்

காகம் தம்பி, அந்த ஆற்றோட்டக் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். பாசாவ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். வியன்னா சுமார் 160. நடுவில் 300 கி.மீ. தூரம். ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறங்கவில்லை. மூட்டையோடு இருக்கும் சைக்கிளில் இந்த இறக்கம் காலுக்குத் தெரியவே தெரியாது. பெடலை நிறுத்தினால் கொஞ்ச தூரத்தில் வண்டியும் நின்றுவிடும்.

காலுக்குத் தெரிவது காற்று. நமக்கும் காற்றுக்கும் இடையிலான வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். காற்றில்லாத நாளில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று கிளம்பினால் நெஞ்சில் மோதுவது 33 கி.மீ. எதிர்ப்பு மூன்று மடங்குக்கும் மேலே போய்விடும். ஆற்றுவெளியில் அதைத் தடுக்கக் கட்டடமும் இருக்காது, மேடும் இருக்காது. மலையேற்றத்துக்கு ஒரு உச்சி உண்டு, எதிர்காற்றுக்கு அதுவும் கிடையாது.

ஆகவே திசையைக் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஐரோப்பாவின் அந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். டான்யூப் கிழக்கே ஓடுகிறது என்பதால் பாசாவிலிருந்து வியன்னா போவது இரண்டு வகையிலும் சரி. ஆனால் பிரான்சின் லுவார் நதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர்லியான் ஊரைத் தாண்டியபின் மேற்கே திரும்பி அட்லாண்டிக்கில் கலக்கிறது. அங்கே கடலிலிருந்து உள்நாட்டை நோக்கி, அதாவது ஆற்றுக்கு எதிராக ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை 10 நாடுகள் வழியாகப் போகும் யூரோவெலோ 6 என்ற சைக்கிள் பாதையை மேற்கிலிருந்து தொடங்கினால் லுவாரில் எதிர் ஓட்டம், டான்யூபில் உடன் ஓட்டம், காற்று மட்டும் பெரும்பாலும் முதுகில்.

மலைப் பள்ளத்தாக்குக்கு வேறு விதி. கோடையில் வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்தாக்கின் மேல்நோக்கி வீசும். இரவிலும் விடிகாலையிலும் கீழ்நோக்கி இறங்கும். கீழே போகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் 'இறக்கத்தில்' பெடல் மிதித்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

மண்சாலை மைந்தன்

அண்ணன் காற்றைச் சொல்லிவிட்டார், நான் தரையைச் சொல்கிறேன். பிட்ஸ்பர்க்–வாஷிங்டன் என்பது ஒரே பாதை போலத் தெரியும். உண்மையில் குணத்தில் துளியும் ஒட்டாத இரண்டு பாதைகள்.

முதல் பாதியான கிரேட் அலெகெனி பாசேஜ் கைவிடப்பட்ட ரயில் தடத்தில் போட்டது. 2013-இல்தான் முழுதாக முடிந்தது. மேலே நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லை இறுக்கிப் பரப்பியிருக்கிறார்கள். மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். சரக்கு ரயிலை ஏற்ற வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மலையை வெட்டி, பள்ளத்தில் பாலம் கட்டி, சரிவை 2 சதவீதத்துக்குள் வைத்திருந்தார்கள். அவர்கள் பட்ட பாடுதான் இன்று நம் முட்டியைக் காப்பாற்றுகிறது.

ஆனால் இங்கே திசை முக்கியம். உச்சியான கிழக்குக் கண்ட நீர்பிரி மேடு (மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் முகடு) 729 மீட்டர் உயரம். பிட்ஸ்பர்க் பக்கமிருந்து வந்தால் அந்த ஏற்றம் 200 கி.மீ. தூரத்தில் பரவிக் கிடக்கும், ஏறுவதே தெரியாது. இரண்டு பாதைகளும் சந்திக்கும் கம்பர்லேண்ட் ஊரிலிருந்து எதிர்ப்பக்கம் ஏறினால் 38 கி.மீ.க்குள் சுமார் 540 மீட்டர். செங்குத்து இல்லை, ஆனால் ஓய்வே இல்லாமல் இழுக்கும். புதியவரோடு போகிறீர்கள் என்றால் பிட்ஸ்பர்க்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். உச்சியை ஒட்டி பிக் சேவேஜ் சுரங்கம், ஒரு கி.மீ. நீளம். குளிர்காலத்தில் அதை அடைத்துவிடுவார்கள், கோடையில் பிரச்சினையில்லை.

கம்பர்லேண்டில் சுண்ணாம்புக்கல் முடிந்து சி அண்ட் ஓ கால்வாய்க் கரை ஆரம்பமாகும். பொட்டோமாக் ஆற்றை ஒட்டி 297 கி.மீ. கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரை இது. 1828-இல் வெட்ட ஆரம்பித்து 1850-இல் கம்பர்லேண்டை எட்டினார்கள். 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. 1950-களில் இதன் மேல் கார்ச் சாலை போடும் திட்டம் வந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-இல் முழு நீளத்தையும் நடந்து காட்டி எதிர்ப்பைக் கிளப்பினார். 1971-இல் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. அந்த மனிதர் நடக்காவிட்டால் நமக்கு இந்த இழையில் பேச ஒரு பாதை குறைந்திருக்கும்.

தரை மண்ணும் களியும் வேரும். சில பகுதிகளைப் புதிதாகச் செப்பனிட்டிருக்கிறார்கள், மற்றவை பழையபடியே. மேலே மரங்கள் கூரை போட்டிருப்பதால் காற்றும் வெயிலும் தொல்லை தராது. அதே காரணத்தால் ஒரு மழை பெய்தால் பல நாள் காயாது. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே களி அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. டயர் 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது, மட்கார்டு இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும்.

கூடாரம் போடுகிறவர்களுக்கு இது சொர்க்கம். கரை நெடுகச் சில மைல்களுக்கு ஒன்றாக முகாம் இடங்கள் உண்டு. மேசை, கழிப்பிடம், கைப்பம்பு எல்லாம் இருக்கும், கட்டணம் கிடையாது. முதலில் வந்தவருக்கு முதலில். பம்பு நீரில் அயோடின் போட்டிருப்பார்கள், அந்த வாடைக்குப் பழகிக்கொள்ளுங்கள். சோதனையில் நீர் சரியில்லை என்றால் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். அதனால் அடுத்த பம்பை நம்பிக் காலி பாட்டிலோடு கிளம்பாதீர்கள்.

வேகத்தடை

எல்லோரும் பசுமைவழியைக் கொண்டாடுவதால் நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். ரயில் தடத்தில் இரண்டு நாள் ஓட்டினால் மூன்றாவது நாள் அலுத்துவிடும். இரண்டு பக்கமும் மரம், நேரே ஒரு கோடு. ரயில்காரன் ஊரின் கொல்லைப்புறமாகத் தடம் போட்டான். நீங்களும் கொல்லைப்புறத்தையே பார்த்துக்கொண்டு போவீர்கள். ஊர்ச் சந்தை, கோயில், கோட்டை எல்லாம் ஒரு கி.மீ. தள்ளி இருக்கும், அது இருப்பதே தெரியாமல் தாண்டிவிடுவீர்கள்.

இன்னொன்று. வரைபடத்தில் பச்சைக் கோடு இருப்பதால் அது கார் வராத பாதை ஆகிவிடாது. லுவார் பாதையில் கணிசமான தூரம் வண்டி குறைந்த பொதுச் சாலைதான். யூரோவெலோ 6 செர்பியாவின் இரும்புவாயில் பள்ளத்தாக்குக்குப் போனதும் சாலைச் சுரங்கங்களுக்குள் நுழைகிறது. பல சுரங்கங்களில் விளக்கே கிடையாது, கூட லாரியும் வரும். 'யூரோவெலோ' என்ற பலகையை மட்டும் நம்பி உங்கள் வீட்டம்மாவை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

நிதானம்

வேகத்தடை சார், அலுப்பு என்பது வேகமாகப் போகிறவர்களின் வியாதி. மணிக்கு 13 கி.மீ. வேகத்தில் போனால் அதே கரையில் மீன்கொத்தி தெரியும், மதகு தெரியும், பாலத்தூணில் வெள்ள மட்டம் கீறியிருப்பது தெரியும். ஊரின் கொல்லைப்புறம் என்றீர்களே, எனக்கு அதுதான் பிடிக்கும்.

காகம், நீங்கள் பூங்காக்களைப் பற்றிக் கேட்டதால் ஒரு விஷயம். ஆற்றங்கரையில் இத்தனை பூங்கா ஏன் இருக்கிறது? பெரும்பாலும் அது வெள்ளம் ஏறும் நிலம், வேறெதுவும் கட்ட முடியாது. வியன்னாவின் டான்யூப் தீவு 21 கி.மீ. நீளம். வெள்ளத்துக்குத் தனிக் கால்வாய் வெட்டியபோது எடுத்த மண்ணைக் கொட்டி 1972-இலிருந்து 1988 வரை உருவாக்கியது. இன்று சைக்கிள்காரர்களின் முற்றம். ஸ்பெயினின் வலென்சியாவில் 1957 வெள்ளத்துக்குப் பிறகு தூரியா ஆற்றையே ஊருக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். காய்ந்த ஆற்றுப்படுகை இப்போது ஊர் நடுவே வளைந்து போகும் நீளமான பூங்கா. பழைய பாலங்களுக்கு அடியில் சைக்கிளில் போகலாம், ஆறு மட்டும் இருக்காது. சியோலின் ஹான் நதிப் பூங்காக்களும் மழைக்காலத்தில் தண்ணீருக்குள் போய்விடும். அங்கே ஜாம்சு பாலத்தை வெள்ளத்தில் மூழ்கட்டும் என்றே தாழ்வாகக் கட்டியிருக்கிறார்கள். அதன் மேலும் சைக்கிள் தடம் உண்டு.

இது வெறும் கதை இல்லை, திட்டமிடுவதற்குத் தேவையானது. பூங்காத் தடங்கள் பாலத்துக்குக் கீழே தாழ்ந்து நுழைந்து மேலே ஏறும். ஆறு கொஞ்சம் ஏறினாலும் முதலில் மூழ்குவது அந்த இடம்தான். தண்ணீர் வடிந்த பிறகும் மெல்லிய வண்டல் ஒட்டியிருக்கும். காய்ந்த சிமெண்ட் போலவே தெரியும், ஆனால் வளைவில் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். மழைக்கு மறுநாள் பாலத்தடியில் நேராக, பிரேக் தொடாமல், மெதுவாகப் போங்கள்.

பாசாவிலேயே 2013 ஜூனில் டான்யூப் 12.89 மீட்டர் வரை ஏறியது. கோடை என்றால் வெள்ளம் வராது என்று இல்லை. ஆல்ப்ஸ் பனி உருகும் நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால் கரை மூழ்கும். கிளம்பும் வாரத்தில் நீர்மட்ட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டை மிதி

நாங்கள் இருவர் ஓட்டும் டாண்டம் வைத்திருக்கிறோம், பின்னால் சில சமயம் டிரெய்லரும் உண்டு. எங்களுக்குப் பசுமைவழியின் எதிரி வெள்ளமும் இல்லை, காற்றும் இல்லை. வாசலில் நிற்கும் இரும்புக் குழாய்கள்தான். மோட்டார் சைக்கிள் நுழையக் கூடாது என்று வளைந்து நெளிந்து போகும்படி தடுப்பு வைத்துவிடுவார்கள். அதில் இரண்டு பக்கப் பைகளோடு சாதாரண சைக்கிளே உரசும். எங்கள் வண்டி திரும்பவே திரும்பாது. பைகளைக் கழற்றி, தூக்கி, அந்தப் பக்கம் வைத்து, மறுபடி மாட்ட வேண்டும். ஒரு நாளில் பல முறை.

காகம் சாருக்கு இதில் கவனிக்க வேண்டியது வேறு. பாதை நடுவே தனியாக ஒரு கம்பம் நிற்கும். முன்னால் போகிறவர் கடைசி நொடியில் ஒதுங்கிப் போய்விடுவார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வரும் இரண்டாமவருக்குக் கம்பம் தெரியாது. முன்னால் போகிறவர் 'கம்பம்!' என்று குரல் கொடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். இருவருக்கும் நடுவே இரண்டு வண்டி நீள இடைவெளி இருக்கட்டும்.

கரையோரக் காகம்

நன்றி, நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறது. வேகத்தடை சொன்ன இரும்புவாயில் பகுதி எங்களுக்கு நிச்சயம் வேண்டாம். மனைவி இந்த இழையைப் படித்துவிட்டு இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார். மேடே இல்லாத பாதையில் உடம்பு வலிக்குமா? பூங்காவில் நடப்பவர்கள் கூட்டமாக இருந்தால் என்ன செய்வது?

பழைய செயின்

தங்கச்சி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். வலிக்கும். மேடு பள்ளம் உள்ள பாதையில் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்போம், இறக்கத்தில் காலை நிறுத்தி இடுப்பை அசைப்போம். தட்டைப் பாதையில் மணிக்கணக்காக ஒரே உட்கார்வு, ஒரே கைப்பிடி, ஒரே மிதி. உட்காரும் எலும்புக்கும் உள்ளங்கைக்கும் ஓய்வே கிடைக்காது. சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போனால் உள்ளங்கை நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம்.

கால் மணி நேரத்துக்கு ஒரு முறை, தேவையே இல்லாவிட்டாலும், கியரை ஒரு படி கனமாக்கி இருபது முப்பது மிதி எழுந்து நின்று மிதிக்கச் சொல்லுங்கள். கைப்பிடியில் கை வைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கட்டும். ஹேண்டில்பார் முனைக்கொம்பு இருந்தால் ரொம்ப உதவும். புது சீட்டைப் பயணத்துக்கென்று வாங்கி மாட்டாதீர்கள். பழகிய சீட் சுமாராக இருந்தாலும் அதுவே போதும்.

தூரம்: முதல் நாள் 40 கி.மீ. அதற்கு மேல் போக ஆசை வரும், போகாதீர்கள். இரண்டாம் நாள் காலை சீட்டில் உட்காரும்போதுதான் முதல் நாள் கணக்கு தெரியும். அப்புறம் 50, 60 என்று ஏற்றலாம். தார்ப் பாதையில் மணிக்கு 15 கி.மீ. சராசரி வரும். மண் தடத்தில் அதில் இரண்டு மூன்று குறைத்துக்கொள்ளுங்கள்.

நிதானம்

நடப்பவர்கள் கேள்விக்கு நான் சொல்கிறேன். பூங்கா அவர்களுடையது, நாம் வழிப்போக்கர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பெல்லை முதுகுக்குப் பின்னால் வந்து அடிக்கக் கூடாது. அவர்கள் துள்ளி, நம் சக்கரத்துக்கு நேரேதான் ஒதுங்குவார்கள். 20, 30 மீட்டர் தள்ளியே ஒரு முறை மெல்ல அடித்துவிட்டு வேகத்தைக் குறையுங்கள். காதில் இயர்போன் மாட்டியிருப்பவருக்குக் கேட்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாயோடு வருகிறவரைக் கண்டால் நாய் எந்தப் பக்கம், ஆள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நடுவில் கயிறு இருக்கும். சின்னக் குழந்தை ஓட்டும் சைக்கிளைக் கண்டால் நின்றுவிடுவதே நல்லது, அது எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது.

பல இடங்களில் இது சட்டமாகவே இருக்கிறது. சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகளில் மணிக்கு 25 கி.மீ. உச்ச வரம்பு. மூட்டை சுமந்து போகிறவர்களுக்கு அந்த வேகமே அதிகம்.

பெருநகரங்களை ஞாயிறு மதியம் கடக்க வேண்டாம். உங்கள் அட்டவணையில் வியன்னாவுக்குள் நுழையும் நாள் ஞாயிறாக விழுகிறதா என்று பார்த்து, விழுந்தால் ஒரு நாள் தள்ளுங்கள். அந்தி வேளையில் கரையோரம் கொசுவும் சின்னப் பூச்சியும் மேகமாக எழும். நிறமில்லாத கண்ணாடி ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

முத்திரைப் பித்தன்

கொரியா பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன். 'நான்கு ஆறுகள்' என்ற அரசின் ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்தில் ஹான், நாக்டோங், கும், யோங்சான் கரைகளில் தடம் போட்டார்கள். 16 தடுப்பணைகள் கட்டியதால் ஆறுகளின் உயிர்ச்சூழல் கெட்டது என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. அதையும் தெரிந்துகொண்டே ஓட்டுங்கள். தடம் என்று பார்த்தால் அருமை. பெரும்பாலும் தார் அல்லது கான்கிரீட். ஒரு சின்னப் பயணப் புத்தகம் வாங்கிக்கொண்டு, வழியில் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு மாதிரி நிற்கும் சாவடிகளில் முத்திரை குத்திக்கொண்டே போகலாம். பெரியவர்களும் அந்த முத்திரைக்காக மழையில் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். என் பெயரைப் பார்த்தால் நான் எந்தக் கட்சி என்று தெரியும்.

ஆனால் காகம், 'தட்டை' என்ற உங்கள் நிபந்தனைக்கு இது ஒத்துவராது. இஞ்சியோன் ஹான் நதியின் முகத்துவாரப் பக்கம், பூசான் நாக்டோங்கின் முகத்துவாரம். இரண்டு ஆறுகளுக்கும் நடுவே மலைத்தொடர். இஹ்வாரியோங் கணவாய் 548 மீட்டர். கார்கள் எல்லாம் கீழே சுரங்கத்தில் போய்விடுவதால் பழைய மலைச்சாலை நமக்கே நமக்கு. அதனால் ஏறுவது சுகம்தான், ஆனால் ஏற்றம் ஏற்றம்தான். நாக்டோங் பக்கத்திலும் கரை செங்குத்தாக இருக்கும் இடங்களில் பாதை திடீரென்று குன்றின் மேல் ஏறும். சரிவைக் கண்டு பலர் இறங்கித் தள்ளுகிறார்கள். தவிர, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை அங்கே மழைக்காலம். வசந்தமோ இலையுதிர் காலமோதான் சரி. ஒரு வாரத்தில் 633 கி.மீ. புதியவரோடு வேண்டவே வேண்டாம்.

மண்சாலை மைந்தன்

ஒரு நடைமுறை விஷயம். வெள்ளம் வந்த இடங்களில் வழிகாட்டிப் பலகை அடித்துக்கொண்டு போயிருக்கும், மாற்றுவழிப் பலகையும் பாதியில் காணாமல் போகும். தடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இணையம் இல்லாமல் வேலை செய்யும்படி. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தரவில் பல இடங்களில் தரை தாரா, ஜல்லியா, மண்ணா என்று குறித்திருப்பார்கள். டான்யூபில் கரையோரக் கிலோமீட்டர் பலகைகளையும் பார்க்கலாம். அங்கே எண் முகத்துவாரத்திலிருந்து தொடங்குகிறது. அதனால் வியன்னா நோக்கிப் போகும்போது எண் குறைந்துகொண்டே வரும். ஏறினால் தலைகீழாகப் போகிறீர்கள்.

வேகத்தடை

> தடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்

அதோடு, தடத்தை விட்டு இறங்கத் தயாராகவும் இருங்கள். வெள்ளக்கரை மேல் போகும் பாதையில் ஆறு நன்றாகத் தெரியும், காற்றும் நன்றாக அடிக்கும். கரைக்குப் பின்னால் கீழே ஒரு சாலை இருந்தால் காற்று பாதியாகும், ஆனால் ஆறு தெரியாது, பக்கத்தில் ஒரு புல்மேடு மட்டும் கூடவே வரும். எதிர்காற்று நாளில் நான் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ச்சாலைதான்.

நிதானம்

கீழ்ச்சாலையில் டிராக்டர் வரும், கார் வரும். அவர் மனைவி அதற்குத்தானே பயப்படுகிறார்? எதிர்காற்றுக்கு மேலேயே மெதுவாகப் போய், அன்றைய தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

வேகத்தடை

விடுதி முன்பதிவு செய்திருந்தால் தூரத்தைக் குறைக்க முடியாதே, அக்கா.

நிதானம்

அதனால்தான் ஏழு இரவையும் முன்கூட்டியே பூட்டி வைக்காதீர்கள் என்கிறேன். முதல் இரவும் கடைசி இரவும் உறுதி செய்துவிட்டு, நடுவில் இருப்பதை அன்றன்று காலை பார்த்தால் போதும். கோடை வார இறுதிக்கு மட்டும் விதிவிலக்கு.

பழைய செயின்

இரண்டு பேரும் சொல்வதில் பொருள் இருக்கிறது. டான்யூபில் இந்தச் சண்டை பெரிதாக வராது, ஏனென்றால் ஆஸ்திரியாவில் பெரும்பாலும் இரண்டு கரையிலும் பாதை உண்டு. ஒரு கரை பிடிக்கவில்லையா, பாலத்திலோ படகிலோ அக்கரைக்குப் போய்விடலாம். ஷ்லோகன் பக்கம் ஆறு குதிரைலாடமாக வளையும் இடத்தில் வடகரைப் பாதை சிறிது தூரம் இல்லாமலே போகும், அங்கே சைக்கிளோடு படகில் ஏறியே ஆக வேண்டும். மெல்க் முதல் கிரெம்ஸ் வரையிலான வாக்காவ் பள்ளத்தாக்கில் தென்கரை அமைதி, வடகரையில் ஊர்களும் திராட்சைத் தோட்டங்களும். ஷ்பிட்ஸ் ஊரில் கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் இழுப்பிலேயே கடக்கும் படகு ஒன்று இருக்கிறது, எஞ்சின் இல்லாமல். தண்ணீர் ரொம்ப ஏறினால் நிறுத்திவிடுவார்கள். படகுகளுக்குக் காலவரையும் நேரமும் உண்டு, மாலையில் கடைசிப் படகைத் தவறவிட்டால் அடுத்த பாலம் வரை மிதிக்க வேண்டியதுதான்.

கரையோரக் காகம்

முடிவு செய்துவிட்டோம்: பாசாவ் முதல் வியன்னா. ஆறு நாள் ஓட்டம், நடுவில் மெல்க்கில் ஒரு நாள் ஓய்வு. பொட்டோமாக் கரையை நான் தனியாகப் போகும்போது வைத்துக்கொள்கிறேன், கூடாரத்தோடு. டயர் இப்போது 35 மி.மீ. போட்டிருக்கிறது, டான்யூபுக்கு அது போதுமா? வியன்னாவிலிருந்து ரயிலில் திரும்பும்போது சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டுமா?

மண்சாலை மைந்தன்

35 தாராளம். அந்தப் பாதை பெரும்பாலும் தார்தான். காற்றை அழுத்தி நிரப்பாமல் கொஞ்சம் குறைத்து வையுங்கள், வேர் தூக்கிய இடங்களில் மணிக்கட்டு நன்றி சொல்லும்.

இரட்டை மிதி

பெட்டி தேவையில்லை. ஆஸ்திரியாவின் தொலைதூர ரயில்களில் சைக்கிளுக்குத் தனியாக இடம் முன்பதிவு செய்வது கட்டாயம். கோடையில் அது ஆள் டிக்கெட்டுக்கு முன்பே தீர்ந்துவிடும், அதனால் தேதி முடிவானதும் முதலில் சைக்கிள் இடத்தைப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் உள்ளூர் ரயில்களில் மாறி மாறி வரலாம், இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். ரயில் வருவதற்கு முன்பே பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் பெட்டி ரயிலின் முன்பக்கமா பின்பக்கமா என்று நடைமேடைப் பலகையில் பார்த்து அந்த முனையிலேயே நில்லுங்கள். ஒருவர் உள்ளே ஏறி வாங்க, ஒருவர் கீழிருந்து தூக்க வேண்டும். முதலில் சைக்கிள்கள், அப்புறம் பைகள்.